ராண்டல் பார்க் மால் செத்த கதை

அமேசான்தான் மால்களைக் கொன்றது என்று யாராவது சொல்லும்போது எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை. நான் இருப்பது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாண்டின் தென்கிழக்குப் புறநகர்ப் பகுதியில். இந்த வட்டாரத்தில் மூன்று மால்கள் இருந்த இடத்தில் இன்று மூன்று அமேசான் கிடங்குகள் நிற்கின்றன. நார்த் ராண்டலில் ஒன்று, யூக்ளிடில் ஒன்று, தெற்கே கொஞ்சம் தள்ளி ஏக்ரனில் ஒன்று. கொன்றவனே வீட்டையும் எழுதி வாங்கிக்கொண்டான் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றத்தான் செய்யும், பத்திரிகைக்காரர்களுக்கும் இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் வருடங்களை எடுத்து வைத்துப் பார்த்தால் கதை ஒட்டாது. மூன்றில் பெரியதான ராண்டல் பார்க் மால் மூடப்பட்டது 2009இல். அந்த வருடம் அமெரிக்காவின் மொத்தச் சில்லறை விற்பனையில் இணையத்தின் பங்கு சுமார் 4 சதவீதம்தான். பெரிய கடைகள் அங்கிருந்து மூட்டை கட்ட ஆரம்பித்தது அதற்கும் பல வருடங்கள் முன்பு, அமேசான் பெரும்பாலும் புத்தகமும் சிடியும் டிவிடியும் விற்றுக்கொண்டிருந்த காலத்தில்.

சரி, அப்படியென்றால் யார் கொன்றது? யாரும் கொல்லவில்லை என்பதுதான் என் கட்சி. அந்த மால் ஒரு நிலக் கணக்கில் பிறந்தது, அதே கணக்கு மாறியதும் செத்தது. கடை, துணி, சினிமா, ஃபுட் கோர்ட் எல்லாம் அந்தக் கணக்குக்கு மேலே போட்ட அலங்காரம்.

நார்த் ராண்டல் என்ற ஊரே ஒரு கணக்கில் பிறந்ததுதான். ஒரு சதுர மைலுக்கும் குறைவான இடம். 1908இல் தனி வில்லேஜாகப் பதிவானது, அதற்குக் காரணம் குதிரைப் பந்தயம். ஆபிரகாம் லிங்கனுக்குப் பின் வந்த ஆட்சியில் தபால் துறைத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் ராண்டலின் பெயரை வைத்துக்கொண்டு, ஒரு பந்தயத் திடலைச் சுற்றி உருவான ஊர். ராண்டல் பார்க் திடலில் வண்டி பூட்டிய குதிரைகள் ஓடின. 1925இல் பக்கத்திலேயே திசில்டவுன் என்று இன்னொரு திடல் வந்தது. திசில்டவுன் இன்னமும் இருக்கிறது, ஒஹாயோ டெர்பி அங்கேதான் ஓடுகிறது. பழைய ராண்டல் பார்க் திடல் நின்றுபோனது, அந்த நிலத்தில்தான் மால் எழுந்தது.

கட்டியவர் எட்வர்ட் டிபார்டலோ. கிழக்கே ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்டினால் வரும் யங்ஸ்டவுன் என்ற எஃகு ஊர்க்காரர். அமெரிக்காவின் மிகப்பெரிய மால் முதலாளிகளில் இரண்டு பேர், டிபார்டலோவும் கஃபாரோவும், அந்த ஒரே ஊரிலிருந்து வந்தார்கள் என்பது எனக்கு எப்போதுமே ஆச்சரியம். 1977 செப்டம்பரில் அந்த ஊரின் பெரிய எஃகு ஆலை ஒன்று மூடப்போவதாக அறிவித்து ஆயிரக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பியபோது, டிபார்டலோ நாடெங்கும் மால் கட்டிக்கொண்டிருந்தார். அதே வருடம் அவர் குடும்பம் சான்ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியையும் வாங்கியது. குதிரைப் பந்தயத்திலும் அவருக்குக் கை உண்டு, திசில்டவுன் அவருடையதுதான். ஆக, அவருக்கு நார்த் ராண்டல் புது இடமில்லை. அந்த நிலம் எவ்வளவு போகும், பக்கத்தில் எந்த நெடுஞ்சாலை வருகிறது, எந்தப் புறநகரில் எத்தனை வீடு கட்டுகிறார்கள் எல்லாம் விரல் நுனியில் இருந்திருக்கும்.

1976 ஆகஸ்டில் மால் திறந்தது. 20 லட்சம் சதுர அடிக்கு மேல், இரண்டு தளம், 200 கடைகளுக்கு மேல், ஐந்து பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள். உலகத்திலேயே பெரிய மால் என்று விளம்பரம் செய்தார்கள். ஊரின் மக்கள்தொகை அப்போது 1,500 சொச்சம். மாலில் வேலை செய்தவர்கள் சுமார் 5,000 பேர்.

இந்த ஐயாயிரம் பேர் என்பதை மட்டும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒஹாயோவில் ஒரு விஷயம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. இங்கே நகராட்சிகள் வருமான வரி போடலாம். அதை நீங்கள் குடியிருக்கும் ஊர் எடுப்பதற்கு முன், வேலை பார்க்கும் ஊர் எடுத்துக்கொள்ளும். சம்பளச் சீட்டிலேயே பிடித்துவிடுவார்கள். நான் முதல் சம்பளம் வாங்கியபோது, மத்திய வரி போச்சு, மாநில வரி போச்சு, இது யாருக்கு என்று ஒரு மூன்றாவது வரியைக் காட்டி அலுவலகத்தில் கேட்டேன், நீ உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலி எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊருக்கு என்றார்கள். பொருள் வாங்கும்போது கட்டுகிற விற்பனை வரியோ மாநிலத்துக்கும் கவுண்டிக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) போகிறது, ஊருக்கு வராது. அதாவது நார்த் ராண்டலுக்கு மாலில் எத்தனை பேர் சட்டை வாங்கினார்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. எத்தனை பேர் சட்டை மடித்து அடுக்கிச் சம்பளம் வாங்கினார்கள் என்பதுதான் கணக்கு. 1,500 பேர் இருக்கும் ஊருக்கு 5,000 பேரின் சம்பளத்திலிருந்து வரி. எந்தப் பஞ்சாயத்துத் தலைவர்தான் வேண்டாமென்பார்?

இனி டிபார்டலோ பக்கத்துக் கணக்கு. அதற்கு விக்டர் க்ரூயனிடம் போக வேண்டும், ஆனால் அவர் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மால்களைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அவரிடமே ஆரம்பித்து அவரிடமே முடித்துவிடுகிறார்கள். வியன்னாவில் பிறந்த யூதர், கட்டடக் கலைஞர், 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் தப்பி அமெரிக்கா வந்தவர். 1956இல் மினசோட்டாவின் ஈடைனாவில் அவர் கட்டிய சவுத்டேல்தான், வெளிப்பக்கம் ஜன்னலில்லாச் சுவர், உள்ளே கூரை போட்ட முற்றம், இரண்டு தளம், குளிர்சாதனம், இரு முனையிலும் போட்டிக் கடைகள் என்று நாம் இன்று மால் என்று சொல்வதற்கெல்லாம் முதல் அச்சு. அவர் வரைந்த திட்டத்தில் மாலைச் சுற்றி வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா, ஏரி எல்லாம் இருந்தன. வியன்னாவின் நகர நடுவை அமெரிக்கப் புறநகரில் கொண்டுவந்து நடலாம் என்று நினைத்தார். கட்டிக் கொடுத்தது மாலையும் பார்க்கிங்கையும் மட்டும். சுற்றியிருந்த நிலம் விலை ஏறியதும் மற்ற கனவெல்லாம் போயே போச்சு. கடைசிக் காலத்தில் வியன்னாவுக்கே திரும்பிப் போய், அந்த முறைதவறிப் பிறந்த கட்டடங்களுக்கு நான் ஜீவனாம்சம் கட்ட மாட்டேன் என்று 1978இல் ஒரு மேடையில் சொன்னார். அதற்குள் வியன்னாவின் விளிம்பிலேயே ஒரு பிரம்மாண்டமான மால் வந்துவிட்டிருந்தது, பாவம்.

க்ரூயன் மாலுக்கு உருவம் கொடுத்தார். அதை ஆயிரக்கணக்கில் பெருக்கியது ஒரு வரிச் சட்டம். கட்டடம் தேயும், ஆகவே அதன் விலையில் ஒரு பங்கை ஒவ்வொரு வருடமும் நஷ்டமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது எல்லா நாட்டிலும் இருப்பதுதான். 4 கோடி டாலர் கட்டடம், ஆயுள் 40 வருடம் என்றால் வருடம் 10 லட்சம். 1954இல் அமெரிக்கக் காங்கிரஸ் புதிய கட்டடங்களுக்கு இந்தத் தேய்மானத்தை முன்கூட்டியே, வேகமாக எழுதிக்கொள்ள அனுமதித்தது. அதே கட்டடத்துக்கு முதல் வருடமே 20 லட்சம் எழுதலாம். வாடகை கொட்டிக்கொண்டிருக்கும், கையில் பணம் இருக்கும், காகிதத்தில் நஷ்டம் இருக்கும். அந்த நஷ்டத்தைக் காட்டி வேறு வருமானத்தின் வரியையும் குறைக்கலாம். சில வருடங்களில் தேய்மானம் வற்றியதும் கட்டடத்தை விற்றுவிட்டுப் புதிதாக இன்னொன்று கட்டலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, நிலம் தேயாது. அதற்குத் தேய்மானம் கிடையாது. ஆகவே நகர நடுவில் நிலத்துக்குப் பெரிய விலை கொடுத்துப் பழைய கட்டடத்தைச் செப்பனிடுகிறவன் ஏமாளி. மக்காச்சோள வயலைச் சல்லிசாக வாங்கி அதன்மேல் பெரிய புதுக் கட்டடம் எழுப்புகிறவன் கெட்டிக்காரன். 1956இல் நெடுஞ்சாலைச் சட்டமும் வந்து அந்த வயலுக்கே சாலையையும் போட்டுக் கொடுத்துவிட்டது. பிறகு 1981இல் ரீகன் அரசு தேய்மானக் காலத்தை 15 வருடமாகச் சுருக்கியது. கேட்க வேண்டுமா, தேவையிருக்கிறதோ இல்லையோ கட்டித் தள்ளினார்கள். 1986இல் அதே அரசு அதை 31.5 வருடமாக நீட்டியபோது கட்டி முடித்தது கட்டி முடித்ததுதான். இன்றைக்கும் அமெரிக்காவில் தலைக்குச் சுமார் 23 சதுர அடி கடை இடம் இருக்கிறது. வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

ஒரு மால் உள்ளுக்குள் எப்படிச் சம்பாதிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சாகும்போது அது எப்படிச் சாகிறது என்பது இதிலிருந்துதான் வருகிறது. பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களை ஆங்கர் என்பார்கள். அவர்கள் பெயரைக் கேட்டுத்தான் கூட்டம் வரும் என்பதால் அவர்களுக்கு நிலத்தை ஏறக்குறைய சும்மாவே கொடுப்பார்கள், அல்லது பேருக்கு ஒரு வாடகை. பல மால்களில் அவர்கள் தங்கள் கட்டடத்தைத் தாங்களே கட்டிச் சொந்தமாக வைத்துக்கொள்வார்கள். நடுவில் இருக்கும் சின்னக் கடைகள்தான், காலணி, நகை, வாசனைத் திரவியம், ப்ரெட்ஸல், வாழ்த்து அட்டை, எல்லோருக்குமாகச் சேர்த்து வாடகை கட்டுகிறவர்கள். ஒரு ஆங்கரிலிருந்து இன்னொரு ஆங்கருக்கு நடக்கிறவர்கள் வழியில் இவர்களைக் கடந்தே ஆக வேண்டும், அதற்காகத்தான் ஆங்கர்களை மூலைக்கு ஒன்றாகப் பிரித்து வைப்பார்கள்.

சின்னக் கடைகளின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கும். இத்தனை ஆங்கர்கள் திறந்திருந்தால்தான் முழு வாடகை, ஒன்று மூடினால் வாடகைக்குப் பதிலாக விற்பனையில் ஒரு சதவீதம் கொடுத்தால் போதும், இன்னொன்றும் மூடினால் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டு போகலாம். எனக்கு இதை விளக்கியவர் வேறொரு மாலில் வாசனைத் திரவியக் கடை வைத்திருந்த ஒரு குஜராத்தி நண்பர். ஒரு நாள் அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒப்பந்தக் காகிதக் கட்டையே தூக்கி என் முன்னால் போட்டார். அதில் இந்த ஷரத்து இல்லை. நாடெங்கும் கிளை வைத்திருக்கும் சங்கிலிக் கடைகள் வக்கீல் வைத்து இதை வாங்கிவிடும், இவரைப் போன்ற ஒற்றைக் கடைக்காரருக்கு யார் கொடுப்பார்கள்? பக்கத்துச் செருப்புக் கடைக்காரன் விற்பனையில் சதவீதம் கட்டிக்கொண்டிருந்த மாதங்களில் இவர் முழு வாடகை கட்டினார். சாகிற மாலில் கடைசிவரை முழு வாடகை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் குடியேறிகள் என்று அவர் சொல்வதில் கசப்பு இருந்தாலும் பொய்யில்லை, நான் பார்த்தவரை அப்படித்தான்.

நான் வந்தது 1999இல், 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பிவிடும் என்று ஆள் எடுத்த ஒய்டுகே அலையில். பெட்ஃபோர்ட் ஹைட்ஸில் ஓர் அபார்ட்மென்டில் நான்கு பேர், நான்கு பேருக்கும் ஒரு கார். ராண்டல் பார்க் பத்து நிமிடத் தொலைவு. அக்டோபர் கடைசியில் குளிர் கோட்டு வாங்க அங்கே இருந்த சியர்ஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குப் போனேன். அறுபது வயதை நெருங்கிய கறுப்பினப் பெண்மணி ஒருவர் விற்பனைக்கு நின்றார். நான் விலையைப் பார்த்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன், அவர் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டு, கார் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி பிடி என்றார். மணிக்கட்டு வெளியே தெரிந்தது. இது வேண்டாம், ஜனவரியில் இந்த இரண்டு அங்குலம் வழியாகத்தான் குளிர் உள்ளே போகும் என்று சொல்லி, அடுத்த அளவைக் கொடுத்து, உள்ளே ஸ்வெட்டர் போட இடம் இருக்கிறதா என்று தோளில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். அந்தக் கோட்டு பதினைந்து வருடம் உழைத்தது. மால் திறந்த புதிதில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நடக்கவே இடம் இருக்காது என்று அவர் சொன்னபோது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தளத்தில் எங்களைத் தவிர இன்னும் நாலைந்து பேர்தான் இருந்தார்கள்.

எங்கள் ஆட்களிடையே அந்த மாலுக்குப் பெயர் நன்றாக இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லும் புத்திமதியே, "மச்சான், இருட்டினப்புறம் ராண்டல் பக்கம் போகாதே, பீச்வுட் போ." போய் அடிபட்டவர் யாராவது உண்டா என்று கேட்டால் ஒருவரும் இல்லை, எல்லோருக்கும் யாரோ சொன்னது. யாரோ என்பது பெரும்பாலும் அலுவலகத்து வெள்ளைக்காரர்கள். மாலைச் சுற்றியிருந்த வாரன்ஸ்வில் ஹைட்ஸ், பெட்ஃபோர்ட் ஹைட்ஸ், மேப்பிள் ஹைட்ஸ் எல்லாம் எழுபதுகளிலிருந்தே கறுப்பினக் குடும்பங்கள் அதிகம் வந்து சேர்ந்த ஊர்கள். அவர்கள் வர வர வெள்ளையர்கள் இன்னும் வெளியே, சோலனுக்கும் ட்வின்ஸ்பர்குக்கும் போனார்கள். கடைக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். வந்து ஆறு மாதம் ஆகாத நாங்கள் அந்தப் பயத்தை எப்படி அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொண்டோம் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. சாதி பார்த்து வீடு தேடுகிற ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமான பாடமாக இருந்திருக்காது.

ஆனால் இனம் மட்டும் காரணம் என்று சொன்னால் அதுவும் அரைகுறைதான். மக்கள்தொகையைப் பாருங்கள். கிளீவ்லாண்ட் நகரத்தில் 1950இல் 9 லட்சத்து 14 ஆயிரம் பேர். 1980இல் 5 லட்சத்து 73 ஆயிரம். 2010இல் 3 லட்சத்து 96 ஆயிரம். சரி, நகரத்திலிருந்து புறநகருக்குப் போயிருப்பார்கள் என்று நினைப்பீர்கள், ஆனால் புறநகரும் சேர்ந்த கயஹோகா கவுண்டியே 1970இல் 17 லட்சத்திலிருந்து 2010இல் 12 லட்சத்து 80 ஆயிரமாக இறங்கிவிட்டது. எஃகும் கார் உதிரிபாகமும் போனதோடு ஆட்களும் போனார்கள். மால்கள் குறைந்தனவா? செவரன்ஸ் 1963, ரிச்மண்ட் 1966, ஏக்ரனில் ரோலிங் ஏக்கர்ஸ் 1975, ராண்டல் பார்க் 1976, யூக்ளிட் ஸ்கொயர் 1977, பீச்வுட் பிளேஸ் 1978. ராண்டல் திறந்த இரண்டே வருடத்தில், வடக்கே சில மைல் தள்ளி, பணக்காரர்கள் இருக்கும் இடத்தில் பீச்வுட் திறந்தாயிற்று. ஆட்கள் குறைந்துகொண்டிருந்த ஒரு வட்டாரத்தில் ஒரே தட்டுச் சோற்றுக்கு இத்தனை கை.

அடுத்தது ஆங்கர்கள். ராண்டலில் ஐந்து பெயர்ப்பலகைகள் இருந்தன: சியர்ஸ், ஜேசி பென்னி, மே கம்பெனி, ஹிக்பீஸ், ஹார்ன்ஸ். இதில் மே கம்பெனியும் ஹிக்பீஸும் கிளீவ்லாண்டின் நகர நடுவில் எதிரும் புதிருமாக வளர்ந்த பரம்பரைப் போட்டியாளர்கள், ஹார்ன்ஸ் பிட்ஸ்பர்க்காரர்கள். ஹிக்பீஸை 1988இல் தில்லார்ட்ஸ் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் கம்பெனியும் டிபார்டலோவும் சேர்ந்து வாங்கினார்கள், 1992இல் பெயர் தில்லார்ட்ஸ் என்று மாறியது. ஹார்ன்ஸின் ஒஹாயோ கடைகளும் அதே சமயத்தில் தில்லார்ட்ஸிடம் போயின. ஒரே மாலில் ஒரே கம்பெனிக்கு இரண்டு கடை எதற்கு? ஹார்ன்ஸ் இருந்த இடம் காலி. மே கம்பெனி 1993இல் காஃப்மன்ஸ் ஆனது, 2006இல் மேசிஸ் ஆனது. எங்கோ நியூயார்க்கிலும் ஆர்கன்ஸாஸிலும் இரண்டு கம்பெனிகள் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டால் இங்கே ஒரு மாலின் ஒரு சிறகு இருட்டாகிவிடும், அந்த மாலில் வியாபாரம் நடக்கிறதா இல்லையா என்பதுகூடக் கேள்வியில்லை. நான் ஒரு தடவைகூட இதைப் பற்றி "மால்கள் ஏன் செத்தன" கட்டுரைகளில் சரியாகப் படித்ததில்லை, எல்லாம் இளைஞர்களின் ரசனை மாறிவிட்டது என்கிற ரகம்.

ஜேசி பென்னி 2001இல் போனது, தில்லார்ட்ஸ் 2002இல். பிறகு நான் மேலே சொன்ன ஷரத்து வேலை செய்ய ஆரம்பித்தது. சங்கிலிக் கடைகள் முதலில் சதவீதத்துக்கு மாறின, பிறகு போயே போயின. 2005 வாக்கில் ஒரு முறை மேல்தளத்தில் முழு நீளம் நடந்தேன். கடைப் பெயரைப் பெயர்த்து எடுத்த இடத்தில், அழுக்குப் படியாமல் மிச்சமிருந்த வெளிர் எழுத்துகளில் பழைய பெயரை அப்படியே படிக்க முடியும், லேபிள்ஸ்கார் என்பார்கள் செத்த மால்களைத் தேடி அலைகிற பையன்கள். ஒரு விக் கடை, பெயரை டிசர்ட்டில் தெளித்து எழுதித் தருகிற ஒரு கடை, நகம் வெட்டுகிற இடம், சங்கிலி மோதிரம் விற்கிற ஒரு கொரியக் குடும்பம். மாலை ஏழு மணிக்கு முன்பே பாதி ஷட்டர்கள் இறங்கியிருந்தன. காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்கள் மட்டும் கடைசிவரை தவறாமல் வந்தார்கள். வெளியே பனி, உள்ளே இலவச வெப்பம், வழுக்காத தரை.

காப்பாற்ற முயற்சிகள் நடக்காமலில்லை. கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தன் பெயரில் கறுப்பினப் பகுதிகளில் தியேட்டர்கள் திறந்துகொண்டிருந்தார், அதில் ஒன்று 1999இல் இங்கே வந்தது. நாங்கள் நால்வரும் அங்கே படம் பார்த்திருக்கிறோம், கூட்டம் நன்றாகவே இருந்தது. ஆனால் சினிமா பார்க்க வருகிறவர்கள் படம் முடிந்ததும் நேராகக் காருக்குப் போனார்கள், மாலுக்குள் வரவில்லை, வந்தாலும் வாங்க என்ன இருந்தது? ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டடத்தில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் வந்தது. 2009இல் நடுக்கூடத்தைப் பூட்டினார்கள், சியர்ஸும் அந்த வருடமே போனது. அப்புறம் ஐந்து வருடம் சும்மா கிடந்தது, ஏனென்றால் மால் என்று நாம் பார்ப்பது ஒரு கட்டடம், பத்திரத்தில் அது பல சொத்து. ஆங்கர் கட்டடங்கள் ஒவ்வொன்றும் ஒருவர் கையில், நடுக்கூடம் இன்னொருவர் கையில். யாராவது எல்லாவற்றையும் வாங்கிச் சேர்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது. 2014 கடைசியில்தான் இடிக்க ஆரம்பித்தார்கள்.

நாட்டுக் கணக்கில் பார்த்தாலும் மாலின் காலம் இணைய வியாபாரம் வளர்வதற்கு முன்பே முடிந்துவிட்டது. 2007இல் அமெரிக்காவில் புதிதாக ஒரு மூடிய மால்கூடத் திறக்கப்படவில்லை, ஐம்பதுகளுக்குப் பிறகு அப்படி ஒரு வருடம் அதுதான் முதல் தடவை.

யூக்ளிட் ஸ்கொயர் மாலின் முடிவு வேறு மாதிரி, எனக்கு மிகவும் பிடித்த முடிவு. கடைகள் காலியான பிறகு அந்த இடங்களைச் சின்னச் சின்னக் கிறிஸ்தவச் சபைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள், ஒரு கட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சபைகள். அலுவலக நண்பர் ஒருவர் தன் சபைக்கு என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். பழைய செருப்புக் கடை, சுவரில் செருப்பு அடுக்கும் பலகைகளின் துளைகள் அப்படியே இருந்தன, கல்லாப்பெட்டி மேசைமேல் வேதப் புத்தகம். அடுத்த கடையில் இன்னொரு சபை, எதிர்ப்பக்கம் இன்னொன்று, எல்லாவற்றிலும் டிரம்ஸ். நடைபாதைக்கு வந்து நின்றால் நாலைந்து பாட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதும். பிரசங்கியார் கொஞ்சம் குரலை இறக்கினால் பக்கத்துக் கடைப் பிரசங்கி கேட்பார் என்பதால் இவரும் இறக்கவே மாட்டார். ஆராதனை முடிந்ததும் எல்லாச் சபைக்காரர்களும் வெளியே வந்து நடுக்கூடத்தில் நின்று பேசுகிறார்கள், பிள்ளைகள் ஓடுகின்றன, பெரியவர்கள் கட்டிப்பிடித்து நலம் விசாரிக்கிறார்கள். க்ரூயன் தன் முற்றத்தில் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது இதைத்தான், காசு வாங்குகிற கடை ஒன்றுகூட இல்லாத மாலில் அது நடந்துகொண்டிருந்தது. 2016இல் அவர்களையும் காலி செய்யச் சொன்னார்கள்.

நார்த் ராண்டலில் அமேசான் கிடங்கு 2018இல் திறந்தது. சுமார் எட்டரை லட்சம் சதுர அடி, இரண்டாயிரம் வேலை என்று அறிவித்தார்கள். இந்த இடத்தை ஏன் எடுத்தார்கள் என்று யோசித்தால் டிபார்டலோ எடுத்த அதே காரணங்கள்தான். ஐ-480 நெடுஞ்சாலை பக்கத்தில், ஐ-271 கொஞ்சம் தள்ளி. ஒரே துண்டாகப் பெரிய சமதள நிலம், ஆயிரக்கணக்கில் கார் நிற்க ஏற்கெனவே தார் போட்ட இடம், பெரிய லாரிகள் திரும்பும் அகலத்தில் சாலை. குடியிருப்பு மாதிரிப் பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ப்பு, மனு, கூட்டம் எதுவும் இல்லை. வேலைக்கு ஆளும் பக்கத்திலேயே, எந்த ஊர்க்காரர்களைப் பார்த்து மற்ற கடைகள் ஓடினவோ அந்த ஊர்க்காரர்கள்தான். வில்லேஜுக்கும் பழைய கணக்கே: இத்தனை பேர் சம்பளம், இத்தனை வரி. கடை போனதில் அந்த ஊர் நிர்வாகத்துக்குப் பெரிய துக்கம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, சம்பளப் பட்டியல் போனதுதான் துக்கம்.

பீச்வுட் பிளேஸ் இன்னும் ஓடுகிறது. கிளீவ்லாண்டில் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்குச் சென்னையிலிருந்து வருகிற மாமா மாமிகளை மத்தியானக் கச்சேரிக்கும் சாயங்காலக் கச்சேரிக்கும் நடுவில் எங்காவது கூட்டிப் போக வேண்டுமென்றால் அங்கேதான் போவோம், முன்பெல்லாம் அரோரா அவுட்லெட்டுக்கும் போவோம், அங்கே பெட்டியும் பர்ஸும் மலிவு. போன தடவை ஒரு மாமி பீச்வுட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல என்னடா இருக்கு, நம்மூர் மால்ல இதைவிட ஜாஸ்தி கூட்டம்" என்றார். உண்மைதான். சவுத்டேல் கூட இன்னும் மூடவில்லை, ஆனால் அதன் பார்க்கிங்கில் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஹோட்டலும் கட்டிவிட்டார்கள், ஏறக்குறைய க்ரூயன் முதலில் வரைந்த மாதிரியே, அறுபது வருடம் கழித்து.

நார்த் ராண்டலுக்கு இப்போது என் மனதில் இருக்கிற கேள்வி வேறு. வணிகக் கட்டடத்துக்கு இன்றைய வரிச் சட்டம் வைத்திருக்கும் தேய்மானக் காலம் 39 வருடம், ராண்டல் பார்க் மால் ஓடியது 33. கிடங்குக்குள் அலமாரிகளைத் தூக்கிக்கொண்டு போவது இப்போதே ரோபோக்கள்தான், எடுத்து வைக்கிறவர்களும் கட்டுகிறவர்களும் மனிதர்கள். அந்த மனிதர்களின் எண்ணிக்கை எந்தப் பக்கம் போகும் என்று அங்கே வேலை பார்க்கிற, முன்பு எங்கள் அபார்ட்மென்டில் கீழ்வீட்டில் இருந்த ஒருவரிடம் கேட்டேன். ஏறாது, குறையும்தான் என்றார். ரோபோவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, ஊர் வரி பிடிக்க ஒஹாயோ சட்டத்தில் வழியும் கிடையாது.